நாற்பத்தேழாம் எண்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
14.9.1986

அன்புள்ள தம்பி பரமநாதனுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் ஒருவாறு சுகம், பெர்த்தில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். எங்கள் பிளாட்டில் லிஃப்ட் பழுதாகிப் பத்து நாளாகிறது, நாலு மாடி ஏறி வந்தால் அன்றைக்கு வேறொன்றும் செய்யத் தோன்றுவதில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பரவாயில்லை. இதையெல்லாம் முதலில் எழுதுவது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

நீ விட்டுப்போன கிட்டார் சிந்தசைசரை, கிட்டாரையும் அதன் ஒலிப் பெட்டியையும், நான் தொட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவனுக்கு அது எதற்கு என்பாய், ஓய்வு பெற்றவனுக்குக் காலை நேரம் மிக நீளம், வேறு காரணமில்லை. மூன்றாம் தந்தியை ஒரு தட்டுத் தட்டுவேன், பெட்டியில் ஒலிக்குரிய எண்ணை ஒவ்வொன்றாக மாற்றுவேன், வந்த ஒலியைக் கொப்பியில் எழுதுவேன். அதே தந்தி ஒரு எண்ணில் புல்லாங்குழல், அடுத்ததில் மணி, பதினெட்டில் தகரக் கூரையில் மழை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்ணும் வரை காத்திருந்தேன், மூன்று முறை சரிபார்த்தேன், பெட்டியிலுள்ள அறுபத்துநாலு எண்ணும் முடிய மூன்று வாரமாயிற்று. நாற்பத்தேழில் மூன்று முறையும் ஒன்றும் கேட்கவில்லை. ‘காலி’ என்று எழுதினேன்.

பிறகு வெள்ளிக்கிழமைத் தேவாரத்துக்கு நம் வீட்டில் கூடும் பெண்களின் சுருதிப் பெட்டியின் துருத்தி கிழிந்துபோனது. அம்மா, “உங்கட பெட்டியில சுருதி ஒண்டும் வராதோ?” என்றாள். என்னிடம் யாரும் எதையும் கேட்டு நாளாகிவிட்டது, தம்பி. இரண்டு நாள் முயன்று, நிற்காமல் ஒலிக்கும் ஒரு சுருதியை உண்டாக்கி நாற்பத்தேழில் பதிந்தேன். பழையது அழிந்துவிடும் என்று விளக்கப் புத்தகத்தில் இருந்தது, காலியில் அழிய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கீழ்வீட்டு லெட்சுமி, “அண்ணே, இந்தப் பெட்டி மூச்சே வாங்கல, நாங்கதான் வாங்குறோம் லா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. ஒரு வருடம் உழைத்து நாற்பத்தேழில் நீ வைத்த ஒலி அங்கே ஒரு நாடகத்துக்கு வேண்டும், பெட்டியை இந்த மாதம் பெர்த்துக்கு வரும் காஜா மொய்தீனிடம் கொடுத்து அனுப்புங்கள் என்று. உன் மேசையில் ‘47’ என்று எழுதியிருந்த கேசட்டைப் போட்டேன். எண்ணினேன். ஐந்தில் ஒன்றுமில்லை, ஏழில்தான் அது தொடங்குகிறது, மழை மூட்டத்துக்குள்ளிருந்து பட்டர்வொர்த் ஃபெரி வெளியே வருவது போல. அம்மா அழுதுவிட்டு, “பிள்ளைக்கு ஒளிக்காம எழுதுங்கோ” என்றாள். நாலு நாளாகக் குமிழ்களைத் திருப்பிப் பார்க்கிறேன். மெதுவாக வரவைக்க முடிகிறது, அந்த ஒலியை வரவைக்க முடியவில்லை. கேசட்டையும், முயன்றதெல்லாம் குறித்த கொப்பியையும் பெட்டியோடு அனுப்புகிறேன். நீ அதைத் திறக்குமுன் இந்தக் கடிதம் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் அவசரம்.

சின்னதில் நீ ஏதோ சொல்ல வந்து கதவருகே நிற்பாய். நான் கொஞ்சம் பார்ப்பேன், ஒன்றுமில்லை என்று பேப்பரை எடுத்துக்கொள்வேன். அன்றும் ஐந்துவரைதான் எண்ணினேனோ என்னவோ.

காஜா மொய்தீன் 27ஆம் தேதி வந்து இறங்குகிறார், விமான நிலையத்துக்கு நீயே போ, பெட்டி கனம். வேளைக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உனக்கு வர அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கோபமென்றால் கோபமாகவே எழுது. பதில் எவ்வளவு தாமதமானாலும் இந்த முறை ‘காலி’ என்று எழுதிவிட மாட்டேன்.

உன் நன்மையே வேண்டும் அப்பா,
வி. ஏரம்பமூர்த்தி