காகிதத்தில் நாம் இருவர்

இல்லை அக்கா, நீங்கள் திருப்பித் தாக்கியதைத் தவறென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர்கள் வேறு ஆட்கள். அன்று அவர்கள் அங்கே இல்லை.

இன்று காலை பள்ளிச் சுவரோரம் குழாய் பதிக்க வந்தவர்கள் கடப்பாரையைக் கல்லின்மேல் போட்டார்கள். கரும்பலகையில் என் கை நின்றுவிட்டது. அன்றும் கடப்பாரைதான்.

நம் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: நீங்களும் நானும். பிள்ளைகள் குறைவு என்று என்னைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பியிருந்தார்கள். பதிவேட்டில் என் பெயர் உங்களோடு, உடம்பு அங்கே. "ஓராசிரியர் பள்ளியே நம்மகிட்ட கிடையாது" என்று கூட்டத்தில் அதிகாரி பெருமைப்பட்டார். "ஏட்டி, அப்ப நான் என்ன ரெண்டு ஆளா?" என்று என் காதில் கேட்டீர்கள். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து சமையல் அக்கா கிளம்பிய பிறகு ஒரு நாய் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பையனின் கன்னத்தைக் கவ்வியது. நீங்கள் அதன் வாய்க்குள் கைவிட்டுப் பிளந்தீர்கள். பையனின் கன்னம் கிழிந்து தொங்கியது. நாயோ போகவில்லை, வளாகத்துக்குள்ளேயே உறுமிக்கொண்டு சுற்றியது. மற்ற பிள்ளைகளை வகுப்பறைக்குள் விட்டுப் பூட்டினீர்கள். பையனைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் வந்த ஆட்டோவை மறித்தீர்கள். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எனக்குப் போன்.

"பிள்ளைகள் உள்ள இருக்கு, நாய் வெளிய நிக்கு. நீ அங்கன ஓடு."

மேலே கேட்காமல் விட முடியாது என்றார் நான் போயிருந்த பள்ளியின் தலைமையாசிரியர். கேட்டு, பதில் வந்து, நான் வண்டியை எடுத்து வந்தபோது நாய் எங்கோ போயிருந்தது. ஊர் கண்டது பூட்டை மட்டும். அதன் பின்னால் கதறும் பிள்ளைகளை. கடப்பாரையால் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த தாயிடம் பையனை விட்டுவிட்டு, கையில் கட்டோடு, நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கினீர்கள். கூட்டம் உங்களைச் சூழ்ந்தது.

"ஆட்ட அடைக்க மாதிரி அடைச்சுப் போட்டுட்டு எங்கட்டி ஊர் சுத்தப் போன?"

முதல் அடி பிடரியில். விழுந்தீர்கள். விலாவில் மிதித்தார்கள். யாரோ ஒருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கட்டுப்போட்ட கைமேல் ஒருவன் ஏறி நின்றான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே விழுந்த என் முதுகிலும் அடி. நீங்கள் கத்தவில்லை. மண் அப்பிய தலையைத் தூக்கி அவன் கெண்டைக்காலைக் கடித்தீர்கள். விடவில்லை. அவன்தான் கத்தினான்.

காவல் நிலையத்தில் ஏட்டையாவிடம் சொன்னீர்கள்: "நாய் என்னக் கடிச்சிச்சு, நான் இவனக் கடிச்சிருக்கேன். எனக்கு ஊசி போட்டாச்சு. இவனக் கூட்டிட்டுப் போங்க."

துறை விசாரணையில் பூட்டைப் பற்றி மட்டும் கேட்டார்கள். இரண்டாவது ஆசிரியர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மறு வருடம் உங்கள் நெஞ்சுத்துடிப்பு நின்றது. பள்ளி நேரத்தில், நாற்காலியில். டீச்சர் தூங்குகிறார் என்று பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மகளைக் கூப்பிட வந்த ஒரு தாய்தான் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் என்னை நம் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

உங்களிடமிருந்து எனக்குப் பொறுமை வரவில்லை அக்கா. வந்தது கோபம். மழுங்காமல் வைத்திருக்கிறேன்.

இன்று பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து போன். என்னோடு இருக்கும் புது டீச்சரை நாளை முதல் வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டுமாம்.

"கொஞ்ச நாளைக்குத்தான் டீச்சர்."

"அனுப்ப மாட்டேன் சார்."

"மேல இருந்து ஆர்டரு. வம்பு பண்ணுதீங்களா?"

"ஆமா சார், பண்ணுதேன்."

"மெமோ வரும்."

"வரட்டும். இந்தப் பிள்ளை எங்கயும் போகமாட்டா."

அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மூணாவது வரைக்கும் நீ பாரு" என்றேன். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேம்படிக்குக் கூட்டிப்போய்க் கணக்கு நடத்தினேன்.