பெல்ட் போடாத இருவர்

2019 செப்டம்பர் 8, ஞாயிறு, காலை 9.40. வேனில் இருந்தவர்கள் இருபத்தொரு பேர். காலி இருக்கை இரண்டு.

அன்புள்ள ப்ராய்ஸ் அண்ணனுக்கு, தம்பி ரோய் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். புவெனஸ் அயர்ஸில் நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் மூன்று வாரமாகத் தெரியவில்லை. போனை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? மின்னஞ்சலையாவது பார்ப்பாய் என்று எழுதுகிறேன்.

இன்று அப்பாவைத் தெய்ஷீதோ கோயிலுக்குக் கூட்டிப்போனோம். உயிரோடு போகாதவன் செத்தாவது அங்கே போயாக வேண்டும் என்பதுதானே நம்மூர் நம்பிக்கை. மனுஷன் வருஷாவருஷம் "அடுத்த வருஷம்" என்றே சொல்லிப் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் சீட்டு எடுத்து, என் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டேன்.

காலையில் கல்லறைக்குப் போய் அப்பாவை அழைத்தபோது தூறல், எனக்கோ அவசரம். கல்லைத் தட்டி, "நம்ம வீட்ல இன்னும் போகாதவங்க எல்லாம் வந்து ஏறுங்க, வண்டி நிக்காது" என்றேன். ஒப்துலியா அத்தை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பேரைச் சொல்லிக் கூப்பிடுடா மடையா! கூலிக்கா ஆள் பிடிக்கிறே?"

வண்டி கிளம்பியதும் மணி அடித்தது. பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் ஓட்டுநர் முன் விளக்கு எரியும். "பின்னால யாருப்பா அது? அபராதத்தை உங்க மாமனாரா கட்டுவாரு?" என்று கத்தினார். எரிந்தது அப்பாவின் இருக்கைக்கு. சென்சார் கோளாறு என்றேன். பட்டறையில் தினமும் அந்த மாதிரிப் பழுதைத்தானே பார்க்கிறேன். அத்தை காதில் வாங்கவில்லை. "நல்லா சாஞ்சு உக்காரு அண்ணா" என்று வெற்று இருக்கைக்குப் பெல்ட்டைப் பூட்டினாள். அணைந்தது.

உடனே இன்னொரு காலி இருக்கைக்கு எரிந்தது. அதற்கு யாரும் சீட்டு எடுக்கவில்லை. ஒயரையே பிடுங்கினேன். அணையவில்லை.

அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. விரல் மடக்கினாள். "தாத்தா போயிட்டு வந்தாரு. உங்கம்மா போனா. நீயும் நானும் போயிருக்கோம். பாக்கி யாருடா?" பாக்கி நீ ஒருவன்தான்.

இன்னொன்று. உன் கடைசிச் செய்தி, "நலம், கவலை வேண்டாம்", ஸ்பானிய மொழியில் வந்தது. திட்டுவதற்குக்கூட நீ என்னிடம் நம் கலிசிய மொழியை விட்டதில்லை. அதை எழுதியது யார்?

இனி நான் செய்யப்போவது:

1. நாளை அந்தச் சென்சாரைக் கழற்றிச் சோதிப்பேன். பழுது இருக்கும். இருந்தாக வேண்டும்.

2. அங்குள்ள நம்மூர்ச் சங்கத்துக்குப் போன் போட்டு, உன் கதவைத் தட்டச் சொல்வேன்.

3. வெள்ளிக்கிழமைக்குள் உன் குரல் கேட்காவிட்டால் விமானம் ஏறுவேன்.

4. அடுத்த வருஷம் வேனில் உனக்குச் சீட்டு எடுக்க மாட்டேன். உன் காலால் நடந்து வா, அண்ணா.