நீங்கள் ‘ம்’ சொன்ன விஷயம்

என் வீட்டு விளையாட்டு வீரருக்கு,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ண வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப் மேலேயே வையுங்கள்; பத்து நிமிஷம் விளையாடினால் கொதித்துவிடும்.

“சின்னது, வெயிட்டே இல்ல, உன் பக்கத்துல உக்காந்தே விளையாடுவேன்” என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? சார்ஜரைக் கழற்றினால் நொண்டுகிறது என்று மூன்று மாதமாகப் பின்னறை பிளக்கை விட்டு நகரவில்லை. செருகினாலோ அதன் விசிறி மிக்சி மாதிரி அலறுகிறது. அதற்கு மேல் ஹெட்போன் வேறு.

நேற்று அறை வாசலில் நின்று, “எங்கம்மா ஒரு மாசம் வந்து இருக்கட்டுமா? இந்த ரூமைக் குடுத்துடலாமா?” என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் “ம்” என்றீர்கள். என்ன பெரிய மனசு!

அம்மாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஐந்து மணிக்குள் அறையைக் காலி பண்ணிவிடுங்கள்.

பி.கு.: உங்கள் இடம் ஹாலில் என் பக்கத்து சோபா; அது வரைக்கும் சார்ஜர் வயர் எட்டாது. இனிமேல் பேட்டரியில்தான் ஆட்டம். மெதுவாக ஓடும், ஆனால் விசிறி கத்தாது, ஹெட்போனும் தேவைப்படாது. நான் பேசினால் காதில் விழும்.

இன்னொன்று: பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். எனக்கு அது போதும்.