மாரியாத்தாளின் தங்கப் பத்திரமும் இடது கட்டைவிரலும்

அனுப்புநர்
தே. வேதமணி (வயது 64),
நூற்பாலை மேஸ்திரி (ஓய்வு),
செபக்கூடத் தெரு, செட்டியார்பட்டி,
இராஜபாளையம் வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் மனைவி வே. மாரியாத்தாளின் தங்கப் பத்திரம் முதிர்ந்து அவரது வங்கிக் கணக்கில் வரவான தொகையை, அவரது சிகிச்சைக்கே எடுக்க முடியாமல் இருப்பது – வங்கி அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி அவரது இடக்கை ரேகையைப் பெற்றுக்கொள்ள ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வங்கிக் கிளையில் நான் நேரில் கொடுத்த மனுக்கள், நாள் 18.12.2025, 05.01.2026, 19.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். 2017-ஆம் ஆண்டு எங்கள் ஆலையின் உணவுக்கூடத்தில் வங்கி அலுவலர் ஒருவர் வந்து பேசினார். சேமிப்பை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், அரசுக் கடன் பத்திரத்தில் கொஞ்சம், தங்கப் பத்திரத்தில் கொஞ்சம், வைப்பு நிதியில் கொஞ்சம் என்று பிரித்துப் போடுங்கள், ஒன்று இறங்கினால் இன்னொன்று தாங்கும் என்றார். கேட்டவர்களில் பாதிப் பேர் வடை தின்னப் போய்விட்டார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் நான். அதுவே என் குறையும்கூட.

2. என் மனைவி வன்னியம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, 2014-இல், தாமே விரும்பி எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் பொன் அணிவதில்லை. அவர் கழற்றி வைத்த ஒன்பது பவுன் மூன்று ஆண்டுகள் பீரோவில் கிடந்தது. போடவும் வழியில்லை, விற்கவும் மனமில்லை. அதை விற்றுத் தங்கப் பத்திரம் வாங்கலாம் என்று சொன்னவன் நான்தான். உடம்பில் ஏறாத தங்கம், திருடன் கண்ணில் படாத தங்கம், வட்டியும் தருகிற தங்கம் என்று எடுத்துச் சொன்னேன். சேதாரம் போக அறுபத்து நான்கு கிராமுக்கு, 2017 டிசம்பரில், பத்திரம் வாங்கினோம். அவருடைய தம்பி ராக்கப்பன் மட்டும், "நகைய வித்துப்புட்டுக் காயிதம் வாங்குறியளா மச்சான்? அக்காவுக்கு ஒரு ஆத்திர அவசரம்னா அந்தக் காயிதத்தக் கொண்டுபோயி எந்தக் கடையில வைப்பிய?" என்று கேட்டார். அவருக்கு அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். இப்போது அவர் வீட்டுக்கு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் போகிறார். கேட்டுவிட்டால் எனக்கு நன்றாக இருக்கும்.

3. பிறந்த வீட்டுத் தங்கம் என்பதால் பத்திரம் அவர் பெயரில் மட்டும், அவருக்கென்று இருந்த தனிக் கணக்கின் வழியாக வாங்கப்பட்டது. என் பெயரையும் கூட்டாகச் சேர்க்கலாமே என்று கிளையில் கேட்டார்கள். பெண்டாட்டி நகையில் கை வைத்தவன் என்று வன்னியம்பட்டியில் ஒருவர் வாயிலும் வரக் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன். நாமினியாக எங்கள் மகள் ஜூடியின் பெயரைக் கொடுத்தோம். நாமினிக்கு உரிமை வருவது உரியவர் இறந்த பிறகுதான் என்பதை இப்போது ஆளாளுக்கு எனக்குச் சொல்லித்தருகிறார்கள். சேமிப்பைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். நான் பெயரையும் சேர்த்துப் பிரித்துவிட்டேன்.

4. அடுத்துச் சொல்வதுதான் இந்த மனுவுக்குக் காரணம். பத்திரம் வாங்கிய ஆண்டு வரை என் மனைவி வங்கியில் கைநாட்டுத்தான். மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணியை மடித்து அடுக்கும் வேலையில் பதினாறு ஆண்டுகள் இருந்தார். அந்தக் கூலியையெல்லாம் கைநாட்டு வைத்தே போட்டார், எடுத்தார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அரசாங்கப் பத்திரத்தில் போய்க் கைநாட்டு வைப்பதா என்று கூச்சப்பட்டவன் நான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜூடியிடம் சொல்லி மூன்று மாதம் அம்மாவுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கச் செய்தேன். "இந்த வயசுல அப்பாவும் மகளுமா என்னயப் போட்டுப் பாடாப் படுத்துதிய" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கிளையில் மனுக் கொடுத்து, பழைய ரேகையை ரத்து செய்து, மாதிரிக் கையொப்பம் பதிந்தோம். பத்திர விண்ணப்பத்தில் தம் பெயரை எழுதி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. அதற்கான விலையை இப்போது அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

5. 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், மூளையின் வீக்கத்துக்கு இடம் விடுவதற்காக மண்டையோட்டின் இடப்பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. எடுத்த எலும்பு அந்த மருத்துவமனையின் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் வலிப்பு வரலாம், எலும்பும் பயன்படாமல் போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் (இணைப்பு 1). இப்போது அந்த இடத்தில் தோல் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே துடிப்பது வெளியே தெரிகிறது. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் ஜூடி தன் உள்ளங்கையை அங்கே அணைத்துப் பிடித்துக்கொள்கிறாள். பள்ளிக்கூட வேலையை அக்டோபரிலேயே விட்டுவிட்டாள்.

6. காப்பீட்டுத் தொகை முதல் அறுவைச் சிகிச்சையோடு தீர்ந்தது. வைப்பு நிதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு நாளில் கரைந்தது. ஓய்வுப் பணத்தில் என் பெயரில் வாங்கியிருந்த அரசுக் கடன் பத்திரத்தை முதிர்வுக்கு முன்பே கிடைத்த விலைக்கு விற்றேன். மிஞ்சியது தங்கப் பத்திரம் ஒன்றுதான். கடந்த டிசம்பரில் எட்டு ஆண்டு நிறைந்து, வாங்கிய விலையைப் போல் நான்கு மடங்குக்கு மேலாக அவர் கணக்கில் வரவாகிவிட்டது. அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்கவில்லை. வந்த குறுஞ்செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "சரி" என்றார். அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். பசி, வலி, கோபம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறார்.

7. பணம் எடுக்க அவருடைய கையொப்பம் வேண்டும் என்றார்கள். தங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. 18.12.2025 அன்று கொடுத்த படிவத்தில், அவருடைய வலக்கையை நான் பிடித்து எழுத வைத்தேன். எழுத்து என்னுடையதாக வந்துவிட்டது. ஒத்துப்போகவில்லை என்று திருப்பினார்கள். திருப்பியது நியாயமே. நன்றாகப் பழகி நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கிளைக்கு வெளியே புத்தி சொன்னவர்களும் உண்டு. ஒருமுறை செய்த தப்பே எனக்குப் போதும்.

8. அடுத்த மனுவில், இடக்கை ரேகையை ஏற்றுக்கொள்ளக் கேட்டேன். துணை மேலாளர் திருமதி சிவரஞ்சனி, "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்ககிட்ட ரேகை வாங்கினா ஆடிட்ல எங்களக் கேப்பாங்க சார். பழைய ரேகைய நீங்கதான எழுதிக் குடுத்து கேன்சல் பண்ணிருக்கீங்க" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவரே மனமிரங்கி, ஜூடியின் அலைபேசிக்கு வீடியோ அழைப்புப் போட்டு என் மனைவியிடம் பேசினார். "அம்மா, பணம் எடுக்க உங்களுக்குச் சம்மதமா?" "சரி." "உங்க பேரு என்னம்மா?" "சரி." திருமதி சிவரஞ்சனி அழைப்பைத் துண்டித்தார். பிறகு, நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு வாங்கி வரச் சொன்னார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

9. ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். உத்தரவு கிடைக்க ஆறு மாதமாவது ஆகும் என்றார். நோயால் கையொப்பமிட முடியாதவரிடம் ரேகையோ வேறு அடையாளமோ பெறலாம், சாட்சிகள் இருவரில் ஒருவர் வங்கி அலுவலராக இருந்தால் போதும் என்று வங்கிகளுக்கு ஏற்கெனவே அறிவுரை இருப்பதையும் அவர்தான் எடுத்துக் காட்டினார் (இணைப்பு 2). 19.01.2026 அன்று அதைக் கிளையில் கொடுத்தேன். அலுவலரை அனுப்புவதாக இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு நாளும் ஜூடி அம்மாவைக் காலையிலேயே துடைத்து, புதுச் சேலை உடுத்தி, தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். பொழுது சாயும் வரை யாரும் வரவில்லை. கிளையில் ஆள் பற்றாக்குறை என்றார்கள். இருக்கலாம். எங்கள் வீட்டிலும் அதே நிலைதான்.

10. என் மனைவிக்குப் பேச்சுத்தான் இல்லை, புரிகிறது என்று மருத்துவர் சான்று தந்திருக்கிறார் (இணைப்பு 3). ஆம் என்றால் கண்ணை மூடித் திறப்பார், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தப் பணத்தை ஆபரேஷனுக்கு எடுக்கட்டுமா என்று நான் முதலில் கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அது ஜூடிக்கென்று அவர் நினைத்து வைத்திருந்த பணம். மூன்றாம் நாள் ஜூடியே பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பணத்த வச்சுக்கிட்டு நான் யார்கிட்டம்மா போயி நிக்க?" என்று கேட்டாள். வெகுநேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். இதை எழுதுவது என் கோரிக்கைக்கு இடைஞ்சலாகலாம் என்று தெரியும். வரும் அலுவலர் எங்கள் இருவரையும் வெளியே நிற்க வைத்துவிட்டு அவரிடம் நேரடியாகக் கேட்கட்டும். அவர் முகத்தைத் திருப்பினால் நான் மறுவார்த்தை பேசமாட்டேன்.

11. ஆகவே, கணக்கு உள்ள கிளையின் அலுவலர் ஒருவரை அரை மணி நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பி, என் மனைவியின் சம்மதத்தையும் இடது கட்டைவிரல் ரேகையையும் பெற்றுக்கொள்ளத் தாங்கள் உத்தரவிட வேண்டும். பணத்தை என் கையில் தர வேண்டாம். மருத்துவமனையின் கணக்குக்கே நேராகப் போகட்டும். கிளையின் பெயரும் கணக்கு எண்ணும் தனி உறையில் வைத்திருக்கிறேன். அவர்கள் பெயரைக் கெடுப்பது என் நோக்கம் அல்ல.

மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கும் கடைசி நாள் 20.02.2026. இன்னொரு தாக்குதல் வந்தால் இடப்பக்கமும் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை வரை அந்த விரல் அசைகிறது. எந்த நாள், எந்த நேரம் வந்தாலும் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். வருகிறவர் மை எடுத்து வர வேண்டியதில்லை, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

இடம்: செட்டியார்பட்டி
நாள்: 02.02.2026

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
தே. வேதமணி
(ஒப்பம்)