தாம்பரத்திலுள்ள ஒரு சகோதரருக்காக

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

கோவிலுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆயரே குடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சபையின் மாத இதழில், டிசம்பர் மாதம், அம்மாவுக்கு நான்கு பக்கம். அதில் ஒன்று நான் எழுத வேண்டும். தலைப்பைக்கூட அவர்களே வைத்துவிட்டார்கள்: ‘ஜெபத்தாயின் மகன்’. இருபதாம் தேதி கெடு. காலேஜில் பாடம் நடத்துகிறவருக்கு இது ஒரு மணி நேர வேலை என்றார். காபி குடித்தார். அம்மாவின் படத்தைப் பார்த்தபடியே குடித்தார்.

அம்மா போய் நான்கு மாதம். எஸ்தர் டீச்சர் என்றால் தாம்பரம் சானடோரியத்திலிருந்து படப்பை வரை தெரியும். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதற்கும் மேல். எல்லோரும் எழுதுவார்கள், கண்ணீர் வழிய. நான் உண்மையை எழுதப்போகிறேன். குறிப்புகள்:

– சனிக்கிழமை மதியச் சாப்பாடு. தட்டால் மூடிய தயிர்சாதம், ஒரு ஊறுகாய்த் துண்டு. பன்னிரண்டு வருடம். அம்மா அந்நேரம் படப்பைக்கு அப்பால் ஏதோ ஒரு வேப்பமரத்தடியில் யாருக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள்.
– என் சைக்கிள். அந்த ஊர் உபதேசியாருக்குக் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. “அவர் நடக்கிறார்ப்பா” என்றாள். நானும் நடந்தேன், பி.எஸ்ஸி. முடியும்வரை.
– பள்ளிப் பரிசளிப்பு விழா. நான் மேடையில். அவள் பெண்கள் முகாமில்.
– ஜெபக்குறிப்பு. இதழின் கடைசிப் பக்கம். என் குடும்பத்தை அச்சில் ஏற்றினாள். என் மனைவி சுகந்தி பிரிந்துபோனது அதனால்தான்.
– அப்பா செத்த சனிக்கிழமை அவள் வீட்டில் இல்லை. (இதைப் பிறகு.)

பால், முட்டை, டார்ச்சுக்கு பேட்டரி.

நவம்பர் 10, திங்கள்

விடிகாலை 4.50. அம்மாவின் குரல்.

சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அதே ஏற்ற இறக்கம், பெயர்களுக்கு நடுவே அதே சின்ன இருமல். மிஷனரிகள், அவர்கள் பிள்ளைகள், படப்பைப் பக்கத்துக் குடும்பங்கள், மோசஸின் கண் ஆபரேஷன். எல்லோரும் முடிந்த பிறகு என் பெயர். எப்போதும் நான்தான் கடைசி.

எழுந்து போய் அவள் அறைக் கதவைத் திறந்தேன். கட்டில், மடித்த போர்வை. ஒன்றுமில்லை.

பிறகுதான் பொறி தட்டியது. பக்கத்து வீட்டுக் கிரேஸ் ஆன்ட்டி. எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர், அரைச்செங்கல். அம்மா கடைசி வருடம் நடக்க முடியாமல் போனபோது காலை ஜெபத்தை போனில் பேசிச் சங்கத்துப் பெண்களுக்கு அனுப்புவாள். அதை ஆன்ட்டி இப்போதும் போட்டுக் கேட்கிறார். எழுபத்தாறு வயது, காது மந்தம், சத்தம் முழுசாக.

காலேஜ் கிளம்பும்போது வாசலில் பிடித்தேன். என்னைத் தூங்கவிட வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே. அவர் கோபப்படவில்லை. “டீச்சர் குரல் இல்லாம எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது தம்பி. சரி, நிறுத்திடறேன்.” சொல்லிவிட்டு என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

மாலை. சோறு வைக்க அரிசி அளந்தேன். களைந்து குக்கரில் போட்டபிறகு பார்க்கிறேன், பால்மாவு டப்பாவின் மூடி திறந்து கிடக்கிறது. அம்மாவின் கைப்பிடி அரிசி டப்பா. உலை வைக்கும்போதெல்லாம் முதல் கைப்பிடி மிஷனுக்கு. அவள் போனபின் அதை நான் தொட்டதில்லை. என்றுதான் நினைத்திருந்தேன். டப்பா முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. இந்த வீட்டில் சமைப்பது நான் மட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் தொட்டிக்குள் தலையை விட்டு, “டேங்குல இம்மாம் சேறு வச்சிகினு மோட்டாரத் திட்னா எப்டி சார்” என்றான். முந்நூறு வாங்கிக்கொண்டு போனான்.

4.50க்கு மறுபடி குரல். இருமல் உட்பட. நேரே போய் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் பல்பொடியோடு வந்தார். போன் நேற்றிலிருந்து செத்துக்கிடக்கிறது, சார்ஜர் போய்விட்டது என்றார். காட்டவும் காட்டினார். கறுப்புத் திரை.

திரும்பி வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை விடுமுறை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

கட்டுரைக்கு ஆதாரம் வேண்டும். அம்மா அந்த இதழ்களை ஒன்றுகூட எறிந்ததில்லை. வருடவாரியாக நூல் கட்டி, டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டையோடு. சுகந்தி பிரிந்துபோன வருடத்துக் கட்டைப் பிரித்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. இருந்தது, கடைசிப் பக்கத்தில், ஏழாவது வரி:

‘தாம்பரத்திலுள்ள ஒரு சகோதரர் மனதில் மறைத்து வைத்திருப்பதைச் சொல்லி விடுதலை பெற.’

பெயர் இல்லை. ஆனால் எங்கள் சபையில் பெயர் போடாததுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஞாயிறு நான்கு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஜெபிக்கிறோம் பிரதர்’ என்றார்கள். நானும் சுகந்தியும் பேசிக்கொள்ளாமல் இருந்த மாதம் அது. எனக்கு வேறு யாரோடோ தொடர்பு, அதைத்தான் மறைக்கிறேன் என்று கதை கிளம்பியது. அப்படி யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து சுகந்தி சொன்னது: “உங்கம்மா நம்ம குடும்பத்தை நோட்டீஸ் அடிச்சு ஒட்டிட்டாங்க. இனிமே நான் எந்த மூஞ்சியோட கோவிலுக்கு வர்றது?” இரண்டு வாரத்தில் கோவிலம்பாக்கத்தில் தன் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். அம்மாவோடு நான் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் விளக்கம் சொல்லவில்லை.

முந்தைய மாதத்தையும் பார்த்து வைக்கலாம், வரி எப்போது தொடங்கியது என்று குறிக்கலாம் என்றுதான் புரட்டினேன்.

முந்தைய மாதமும் இருந்தது. அதற்கு முந்தைய மாதமும்.

அடுத்த கட்டு. அதற்கடுத்தது. எங்கள் கல்யாண மாதத்து இதழில் எங்களுக்கு வாழ்த்து, அதே பக்கத்தில் கீழே அதே வரி. எனக்கு வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம், கீழே அதே வரி. ஒருநாளும் அந்தப் பக்கத்தை நான் படித்ததில்லை. யாருமே படித்திருக்க மாட்டார்கள், சுகந்தி விஷயத்தில் வாய்க்கு அவல் கிடைக்கும்வரை.

மதியம் சாப்பிடவில்லை. டிரங்கின் அடிவரை போனேன். வரி முதலில் வந்தது இருபத்தேழு வருடத்துக்கு முன், ஒரு செப்டம்பர் இதழில். அதற்கு முந்தைய இதழில் இல்லை.

அந்த ஆகஸ்டில்தான் அப்பா செத்தார்.

நவம்பர் 14, வெள்ளி

வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். எந்தச் சமன்பாடு என்று மறந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

எழுதிவிட வேண்டும். இங்கேயாவது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரம் முழுக்க அம்மா, சனிக்கிழமை நான். அந்த ஒரு நாள் அம்மாவின் ஊழியத்துக்கு. எனக்கு இருபத்தாறு, வேலை இல்லை. அன்று சிட்லபாக்கம் பசங்க ஆள் குறைகிறது என்று வந்து கூப்பிட்டார்கள். “ரெண்டே ஓவர் மச்சான், அப்பா தூங்கிட்டுதானே இருக்காரு.” தூங்கிக்கொண்டுதான் இருந்தார். வெளியே பூட்டினேன். இரண்டு மணி. திரும்பும்போது ஐந்தேகால். முப்பத்தெட்டு ரன் எடுத்தேன், அது இன்னும் நினைவிருக்கிறது.

கட்டிலுக்குக் கீழே கிடந்தார். கதவுப் பக்கம் தலை. தண்ணீர் டம்ளர் உருண்டு மூலையில். உடம்பு சில்லிட்டிருந்தது.

தூக்கிப் படுக்க வைத்தேன். வேட்டியை மாற்றினேன். தரையைத் துடைத்தேன். டம்ளரை ஜன்னலில் வைத்தேன். ஆறு மணிக்கு அம்மா கோணிப்பையும் பாட்டுப்புத்தகமுமாக வந்தபோது, தூக்கத்திலேயே போய்விட்டார், பக்கத்தில்தான் இருந்தேன் என்றேன்.

அடக்கத்துக்கு வந்த அத்தை, அப்பாவின் தங்கை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே அம்மாவைக் கேட்டாள்: “கட்ன புருஷன் சாகறப்ப ஊர்ஊரா பைபிள் படிச்சியே, நல்லாயிருப்பியா நீ?” சபை முழுக்கக் கேட்டது. நான் அங்கேதான் நின்றேன். பூக்களைப் பார்த்துக்கொண்டு. பிறகு வருஷக்கணக்கில் அதே பேச்சு, சிலர் பாராட்டாக, சிலர் பழியாக. நானே ஒருநாள் சண்டையில் சொன்னேன். நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தாள், இரண்டாம் தண்ணீர் ஊற்றினாள்.

சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகளில் ‘அவள் வீட்டில் இல்லை’ என்ற கடைசி வரியை நம்பித்தான் எழுதினேன்.

மாலை சுகந்திக்கு போன். நலம் விசாரித்தாள், சளிக்கு ஏதாவது போடுங்கள் என்றாள். அந்த வரி நம்மைப் பற்றியது இல்லை என்றேன். “அப்ப யாரைப் பத்தி?” சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 15, சனி

4.50. குரல். இன்று எழுந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன்.

ஆன்ட்டிக்குப் புது சார்ஜர் வாங்கிக்கொண்டு போனேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த வரி யாரைப் பற்றியது என்று கேட்டேன். உருவுவதை நிறுத்தவில்லை.

“எவ்ளோ நாள் ஆச்சு தம்பி இதைக் கேக்கறதுக்கு.”

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு நொய்க்கஞ்சி கொண்டுவந்தாராம். மூன்று மணி.

“பூட்டு தொங்குச்சு. ரெண்டு வாட்டி கூப்ட்டேன். சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கே போலன்னு திரும்பிட்டேன். அன்னிக்கு ராத்திரியே டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்.”

அம்மா என்ன சொன்னாள்?

“யார்கிட்டயும் சொல்லாதீங்க கிரேஸ், அவனே சொல்லட்டும்னாங்க. அத்தோட முடிஞ்சுது. உங்க அத்தை அந்தப் பேச்சு பேசினப்போ நான் வாயைத் தொறந்தேன். டீச்சர் என் கையைப் புடிச்சு அழுத்தினாங்க. நகம் பதிஞ்சுபோச்சு.”

நீங்கள் கூப்பிட்டபோது உள்ளிருந்து ஏதாவது சத்தம் வந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆன்ட்டியும் சொல்லவில்லை. கீரைக் காம்புகளை ஒரே அளவாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பூட்டு. மாற்றவே இல்லை.

ஜூலையில், ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முந்தின நாள், அம்மா ஆக்சிஜன் முகமூடியைத் தானே விலக்கிவிட்டு, “எதாச்சும் சொல்லணுமாப்பா?” என்றாள். பதினோரு மணிக்கு டாக்டர் வருவார் என்றேன். தலையாட்டினாள். முகமூடியை நானே திரும்ப வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், மூன்று மணி நேரம். துணி காயப்போட்டேன்.

சங்கத்து ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆன்ட்டி வீடு வீடாகக் கைப்பிடி அரிசி வாங்க வந்தார். நான்கு மாதமாக எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். இன்று நானே கூப்பிட்டு டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். விளிம்புவரை.

“யார் போட்டது?”

தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆயருக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ‘என் தாயார்’ என்று ஆரம்பித்து நான்கு தாள் வீண். எப்படி எழுதினாலும் பாராட்டாகவே வருகிறது, நானும் நல்ல பிள்ளையாகவே வருகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி மழை. காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

4.50க்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தரை வரை காத்திருந்தேன். அது இன்னும் மோசம்.

கட்டுரை எழுதப்போவதில்லை. ஒன்பதாம் தேதியிலிருந்து எழுதிய இந்தப் பக்கங்களையே கிழித்து, பழுப்பு உறையில் போட்டு, இதழாசிரியருக்குத் தபாலில். நேரில் கொடுக்க முடியாது. கொடுத்தால் ஆயர் காபி கேட்பார், நான் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அத்தை வீட்டுக்கு இதழ் போகிறது. சுகந்திக்கும் போகிறது, இன்னும் சந்தாவை நிறுத்தவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லித் தப்பித்த கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.

தலைப்புக்கு அம்மாவின் ஏழாவது வரியிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டேன். கீழே என் பெயர் போடவில்லை. அம்மா இருபத்தேழு வருடம் போடாமல் இருந்தாள், நானும் போடப்போவதில்லை. யாரென்று முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சானடோரியம் தபால்பெட்டியில் மூன்றரைக்கு எடுக்கிறார்கள். இப்போது மூன்று. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, இந்தத் தாளையும் உள்ளே போட்டு மூடினால் சரி. குடை ஆன்ட்டி வீட்டில். நனைந்தே போகிறேன், உறை மட்டும் சட்டைக்குள். பூட்டு எடுத்துக்கொள்ளவில்லை, கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கிளம்புகிறேன்.