மலையிலிருந்து இறங்கிய லொறிகள்

பலேர்மோ, இத்தாலி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் சுதாஜினிக்கு,

மாமி எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் இங்கே ஏதோ இருக்கிறோம். உன் உடம்பும், ஆடுகளும், நீ தோட்டத்தில் போட்ட கச்சான் கடலையும் எப்படி என்று அறிய ஆவல். போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் நாம் இருவரும் மழையைப் பற்றியும் ஆடுகளைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறோம். இங்கே பக்கத்து வீட்டு அகஸ்ரீனா அடுத்த கிழமை விடுமுறைக்கு வவுனியா வருகிறாள். கடிதம் ஒன்று தருவேன் என்று அவளிடம் முதலே சொல்லி வைத்தேன். சொல்லாவிட்டால் எழுதாமலே விட்டிருப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில்தான் இது. பள்ளிக்கூட வான் ஓட்டுகிற உமாசுதன் உன்னைக் கேட்டு இரண்டு வருடமாகிறது. நிரோசனின் படத்தை வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்து, உன் பொட்டை அழித்த பிறகுதான் கலியாணம் என்று அவனுடைய தாய் சொல்லிவிட்டார். செய்யட்டுமா மாமி என்று நீ கேட்டாய். என் பிள்ளை செத்தான் என்று யார் கண்டது, அவன் வருவான் என்றேன். நீ அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றையிலிருந்துதான் நாம் மழையைப் பற்றிக் கதைக்கிறோம்.

மாமாவுக்கு முழங்கால் வருத்தம் கூடிவிட்டது. அடுக்குமாடிகளில் படி கழுவுகிற வேலை. குனிந்தால் நிமிர முடியவில்லை. விடுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்? இங்கே தங்குவதற்கான எங்கள் பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிறது, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அது கைக்கு வராமல் ஊருக்கு வர முடியாது. வெயில் வேறு கொல்லுகிறது.

நான் வேலை செய்கிற லிபெர்த்தா தெரு வீட்டுக்கார அம்மா, அந்தச் சின்யோராவைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறேன். நடக்க முடியாதவர். படிப்பித்தவர், இளவயதில் சிவப்புக் கொடி பிடித்துத் திரிந்தவர். இப்போது கொடி பிடிக்கக் கை நடுங்குகிறது, வாய் மட்டும் நடுங்குவதில்லை. போன கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் போடச் சொன்னார். கியூபாவில் புரட்சி நடந்த காலத்தில் ஒரு குடும்பம் பட்ட பாடுதான் கதை. அவருக்கு அது பாடமான படம், துணைக்கு ஆள் வேண்டுமாம். நான் உடுப்புகளைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டே பார்த்தேன்.

பேசுவது ஸ்பானிஷ். கீழே இத்தாலியனில் எழுத்து ஓடும். ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த சண்டைக்குப் போய்விடுவார்கள். எழுத்தை விட்டுவிட்டு முகங்களையும் குசினியையும் பார்த்தேன். எல்லாம் விளங்கியது. ஒரு தாய், ஒரே மகன், அவன் புதிதாகக் கட்டிய பெண். மகன் போராளிகளோடு மலைக்குப் போய்விடுகிறான். பொலிஸ் வீட்டைச் சோதிக்க வரும்போது, தாய் அவனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அரிசி டின்னுக்குள் புதைக்கிறாள். ஆமிக்குப் பயந்து நாங்கள் நிரோசனின் படத்தைப் பொலித்தீனில் சுற்றி முருங்கைக்குக் கீழே தாட்டோமே, அது நினைவு வந்தது. பிறகு பக்கத்துத் தையல்காரன் ஒருவன் அந்த மருமகளை மரியாதையாகக் கேட்டு வருகிறான். தாய் வாசலில் நின்று, என் மகன் வருவான் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். சரியாகச் சொன்னாள் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

பிறகு புரட்சி வென்றுவிடுகிறது. மலையிலிருந்து லொறி லொறியாகப் பெடியள் இறங்கி நகரத்துக்குள் வருகிறார்கள். தாடியும் துவக்குமாய்ச் சிரிக்கிறார்கள், சனம் பூ எறிகிறது. சின்யோரா கதிரையில் இருந்தபடியே கை தட்டினார். நான் மினுக்கியை வைத்துவிட்டு எழும்பி, டிவிக்குக் கிட்டப் போய் நின்று, ஒவ்வொரு முகமாகத் தேடத் தொடங்கிவிட்டேன். பின்னால் வந்த லொறியில் ஓரமாக நின்ற ஒருவனுக்குத் தோள் அப்படியே நிரோசனின் தோள். திரும்பினான், வேறு யாரோ. இன்னொரு முறை போடுங்கள் என்று சின்யோராவைக் கேட்டேன். வெற்றியைக் கண்டு நானும் மகிழ்கிறேன் என்று நினைத்து அவர் ஆசையோடு திரும்பப் போட்டார். நான் திரும்பவும் தேடினேன். படம் என்று தெரியும் மகள். நான் பிறக்க முந்திய கதை, நடிக்க வந்த பிள்ளைகள் என்றும் தெரியும். ஆனாலும் எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் என் கண் அப்படித்தான் ஓடுகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்தத் தாயின் மகன் எந்த லொறியிலிருந்தும் இறங்கவில்லை. வென்றவர்களின் பிள்ளையே வந்து சேரவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு வந்தவர்கள். எங்களுக்கு எந்த மலையிலிருந்து எந்த லொறி வரும்? விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சண்டை முடிந்த நாளில் வட்டுவாகலில் ஆமி அவனை ஏற்றிய பஸ் எங்கே போனது என்று சொல்ல இன்றுவரை ஒரு ஆள் இல்லை. நீ நீட்டிய தண்ணீர்ப் போத்தலை, நீயே வைத்திரு என்று ஜன்னலால் கை காட்டினானே, அதுதான் நான் கடைசியாகக் கண்டது. இங்கே எங்கள் சனத்தோடு சேர்ந்து நானும் வருடா வருடம் ரொசாலியா அம்மாளின் கோயில் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறேன். அவளுக்கும் அலுத்திருக்கும்.

படத்தின் கடைசியில் மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் இருந்து அரிசியில் கல் பொறுக்குகிறார்கள். இரண்டு தலையும் நரைத்துவிட்டது. எது மாமியார், எது மருமகள் என்று எனக்குத் தெரியவில்லை. என்ன விசுவாசம் பார் என்று சின்யோரா கண்ணைத் துடைத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்காதே. உனக்கும் நெற்றியோரம் நரைத்திருப்பதை வீடியோவில் கண்டும் காணாததுபோல இருந்தவள் நான்தானே.

அன்று பின்னேரம், உன்னை உமாசுதனைக் கட்ட விடுவோம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அவன் வந்து கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?” என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அது ஆறிப்போன பிறகு அவரே, “அவளும் எங்கடை பிள்ளைதானே. கட்டச் சொல்லு” என்றார். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஆகவே மகள், நீ உமாசுதனைக் கட்டு. உனக்கும் நிரோசனுக்கும் நடந்தது பங்கருக்குள் மஞ்சள் கயிறு கட்டிய கலியாணம். பதிவு இல்லை, ஐயரும் இல்லை. கலியாணம் கட்டாவிட்டால் இயக்கம் உன்னைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் நாங்கள் அவசரப்பட்டுச் செய்து வைத்தது. ஒரு மாதம்கூட நீ அவனோடு நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிடவில்லை. ஆவணியில் நாள் பாருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் பொட்டை யாரும் அழிக்கக் கூடாது. இருக்கிற பொட்டின் மேலேயே புதுப் பொட்டை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. ஒரு நாளைக்குக்கூட உன்னை வெறும் நெற்றியோடு நினைக்க என்னால் முடியாது. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உமாசுதனின் தாயிடம் நான் இப்படிக் கேட்டதாகச் சொல். அவரும் ஒரு தாய்தானே என்று எழுத வந்தேன். ஆனால் அவர் சம்மதிக்க மாட்டார் என்றுதான் என் மனம் சொல்கிறது. அவருக்கு அவருடைய பிள்ளையைப் பற்றிய பயம்.

அவர் முடியாது என்றால், அந்தியேட்டியையும் செய்துவிடு. நான் தடுக்கவில்லை. செய்கிற நாளை மட்டும் எனக்குச் சொல்லாதே. செய்த பிறகும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே. போனை எடு, மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்று கதை. நானும் வேறொன்றும் கேட்க மாட்டேன்.

நெடுங்காலம் சுமங்கலியாக இரு, மகள்.

என்றும் உன்
மாமி புஸ்பவதி