ரிலேக்கு வைத்த பொட்டு

2007, ஐப்பசி 3, சனி. ஆயுத பூஜை.

காலையில் தூறல், பிறகு வெயில். சப்ஸ்டேஷன் கன்ட்ரோல் ரூமைக் கழுவி விட்டு, எல்லாப் பேனலுக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, பூசணிக்காய். என் பேனாவுக்கும் ஒரு பொட்டு. அறுபத்தெட்டு வயதில் பேனாவுக்குப் பொட்டு வைக்கும் ஆளாகிவிட்டேன்!

புது ரிலேக்கும் வைத்தேன். சிவகாசி லைனில் கம்பி அறுந்தால் கரண்டை நிறுத்தச் சொல்லும் பெட்டி அது. பழைய ரிலேயில் சின்னதாக ஒரு கொடி விழும். அதைப் பார்த்து மதுரை ஆபீசுக்குப் போனில் சொல்வதுதான் என் ஒப்பந்த வேலை. சாயங்கால வகுப்பில் எழுதப் பழகியபின், ஆடியிலிருந்து ரெஜிஸ்டரில் நானே எழுதுகிறேன். புதுப் பெட்டியில் கொடி இல்லை. கண்ணாடியும் பித்தானும் பொடிப் பொடிப் புள்ளிகளும்தான். பொட்டுக்கு இடம் தேடிக் கீழ்வரிசையில் வைத்தேன்.

லைன்மேன் கருப்பசாமி: "என்ன மாமா, பெட்டியப் பொண்ணு பாக்க வாராகளா? இம்புட்டு அலங்காரம்!"

எங்கள் இன்ஜினியர், ஜே.இ. அம்மா, கும்பிட்டுவிட்டுச் சொன்னது: "பூஜைப் பொட்டை யாரும் துடைக்காதீங்க. அதுவா உதிரட்டும்."

ஐப்பசி 5, திங்கள்.

மூட்டம். மகள் மாரியம்மாளுக்கு வேலை இல்லை. மழையில் மருந்து காயாது, பட்டாசுக் கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் இப்போது என் சம்பளம் மட்டும்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், ரீபில் (நீலம்), வெற்றிலை.

நாளை ரிலேயைச் சோதிக்கிறார்கள். தேறிவிட்டால் லைன் நிலவரத்தை அதுவே மதுரைக்குச் சொல்லிவிடும். ஜே.இ. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பாத்து எழுத ஆள் வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க, பெரியவரே. என் கையில ஒண்ணும் இல்ல."

எழுத வந்த வருடமே எழுத ஆள் வேண்டாமாம். சிரிப்புத்தான் வந்தது.

ஐப்பசி 6, செவ்வாய்.

சோதனை. மதுரையிலிருந்து ஒரு தம்பி, பெரிய பெட்டி, கட்டுக் கட்டாக ஒயர். மேசையில் இருந்தபடி பொய்க் கரண்ட் அனுப்புகிறார். ரிலே அதை நிஜம் என்று நம்பி 'டக்'கென்று அடிக்கிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டு அவரால் எழுந்து வர முடியாது. பேனல் முன்னால் நான்.

"கீழ் வரிசைல செவப்பு எரியுதா தாத்தா?"

"எரியலையே தம்பி."

மறுபடி. "இப்ப?"

"இல்ல."

அவருடைய கம்ப்யூட்டரில் 'டிரிப்', அதாவது கரண்ட் நின்றது என்று வருகிறது, பெட்டியில் விளக்கு வரவில்லை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரிலேயை ஏற்கக் கூடாதாம். "விளக்கு செத்துப்போச்சு. பெட்டியக் கம்பெனிக்கு அனுப்பணும். திரும்பி வரத் தை ஆயிரும். அதுவரைக்கும் தாத்தாதான் ரிலே!" நாலு ஊர் பாக்கி என்று கிளம்பிவிட்டார்.

ரெஜிஸ்டரில் எழுதினேன்: 'விளக்கு எரியவில்லை.' டீ ஆறிவிட்டது. ஜே.இ. அம்மா வாசித்து, கீழே கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதை ஓர் அதிகாரி வாசித்து ஒப்பியது இதுதான் முதல் முறை. எழுந்து போய் அந்த வரியை மறுபடி பார்த்தேன். அழகாக இருந்தது. 'ரி' மட்டும் கோணல்.

தை வரை வேலை. மாரியம்மாள் ரசத்தோடு அப்பளமும் பொரித்தாள்.

ஐப்பசி 8, வியாழன்.

பேய் மழை. கரண்டைச் சரியாக நிறுத்துவதால், கம்பெனிக்கு அனுப்பும்வரை புது ரிலேதான் லைனில். பொழுது சாயும் நேரம் சிவகாசிப் பக்கம் எங்கோ கம்பி அறுந்தது. ரிலே 'டக்'. கன்ட்ரோல் ரூமும் இருட்டு; பெட்டிக்கு மட்டும் பேட்டரி.

அந்த இருட்டில், நான் வைத்த பொட்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு ஓரம்.

நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே விளக்கு. முகத்துக்கு நேராக எரிந்தது. சாகவில்லை. நான்தான் மூடி வைத்திருக்கிறேன்.

பக்கத்தில் ஆள் இல்லை. விரலில் குங்குமம் இருந்தது. திரும்ப அப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் சொன்னேன். மாரியம்மாள்: "எப்பா, யாராச்சும் ஒன்னயக் கேட்டாகளா? பொட்டு வச்சது ஒரு குத்தமா? தை வரைக்கும் வாயத் தொறக்காம இரி."

சரி என்றேன். படுத்தேன். 'விளக்கு எரியவில்லை' என்று எழுதியது கண்ணுக்குள்ளேயே நின்றது. முதல் முதலாகக் கையெழுத்து வாங்கிய வரி. பொய்.

ஐப்பசி 9, வெள்ளி.

மழை விடவில்லை. ஜே.இ. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரிலேயைக் கம்பெனிக்கு அனுப்ப மரப்பெட்டியில் வைத்து ஆணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியிருந்தது. சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "நான்தான துடைக்க வேண்டாம்னேன்" என்றார். பிறகு, "சும்மா இருந்திருக்கலாமே, பெரியவரே."

கருப்பசாமி: "ஒங்களுக்கு நீங்களே குழி தோண்டிட்டீகளே மாமா." கேலியாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

மாரியம்மாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி 12, திங்கள்.

மழை இல்லை, வெயிலும் இல்லை. மதுரைத் தம்பி மறுபடி வந்தார். அதே ஒயர், அதே பொய்க் கரண்ட். பெட்டியின் முகத்தைத் துணியால் துடைத்திருந்தார்கள். ஒரு பொட்டும் இல்லை.

"எரியுதா தாத்தா?"

"எரியுது தம்பி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லா எரியுது."

அவ்வளவுதான். ரிலே தேறிவிட்டது. நாளை முதல் நான் வர வேண்டாம். கடைசியாக ஒரு வரி எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். ஜே.இ. அம்மா ரெஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார். பழைய வரியின் மேல் ஒரு கோடு கிழித்தேன். அதற்குக் கீழே தொடங்கினேன்.

'வி' முடிப்பதற்குள் ரிலே அனுப்பிய செய்தி மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். தம்பி கம்ப்யூட்டரைக் காட்டினார்.

மீதி எழுத்துகளையும் எழுதினேன்.